சென்னை–பலாலி: மாறாத தூரம், மாறிய பயணம்

சென்னை மீனம்பாக்கமும் யாழ்ப்பாணத்தின் பலாலியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில், 80 பாகைக்குச் சற்றுக் கிழக்கே அமைந்தவை. நேர்க்கோட்டில் அளந்தால் இடைத்தூரம் சுமார் 355 கி.மீ. சென்னையிலிருந்து புறப்படும் விமானம் கிட்டத்தட்ட நேர் தெற்காகவே பறந்தால் போதும். இந்தத் தூரம் என்றும் மாறவில்லை. ஆனால் அதைக் கடக்க மக்கள் போன வழியின் நீளம் காலத்துக்குக் காலம் மாறியது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானிய விமானப்படைக்காக அமைக்கப்பட்டது. போர் முடிந்ததும் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் பயணத்தைத் தொடங்கியபோது, 'சீதாதேவி' என்ற டகோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, பின் சென்னைக்குப் பறந்தது. அக்காலத்தில் பலாலித் தளம் அருகிலுள்ள அந்தத் துறைமுகத்தின் பெயராலேயே அறியப்பட்டது. இலங்கையின் தேசிய விமான சேவை பிறந்த நாளிலேயே யாழ்ப்பாணம் அதன் பாதையில் இருந்தது என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. பின்னாளில் திருச்சிக்கும் இங்கிருந்து விமானம் சென்றது.

1970களின் இறுதியில் இந்தியச் சேவை நின்றது. உள்நாட்டுப் போர் மூண்டதும் பலாலி படைத்தளமாக இறுகியது. 1990இல் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வீடும் தோட்டமும் விட்டு வெளியேறினார்கள். அவர்களுள் பலர் திரும்ப முடியாமலே முதுமை எய்தியது இந்த விமான நிலையத்தின் வரலாற்றில் ஆறாத காயம்.

நேர்ப் பறப்பு இல்லாத அந்த நாற்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தவர் சென்னைக்கு வர வேண்டுமானால், முதலில் எதிர்த்திசையில் கொழும்புக்குப் போக வேண்டும். அது தரைவழியில் 400 கி.மீ. அளவு. அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக மறுபடி வடக்கே 640 கி.மீ. பறக்க வேண்டும். 355 கி.மீ. பயணம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி அடைபட்ட ஆண்டுகளில் கொழும்பை எட்டுவதே பெரும்பாடு.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த அலையன்ஸ் ஏர் விமானம் அங்கு இறங்கியது. நவம்பரில் தொடங்கிய வழக்கமான சேவை 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இத்தடத்தில் பறக்கத் தொடங்கியது.

இரு நிறுவனங்களும் பயன்படுத்தியது 70 முதல் 78 பேர் வரை அமரும் ஏடிஆர் 72 விமானங்கள். பெரிய ஜெட்களுக்குப் பலாலி ஓடுபாதை போதாது. சுழலி பூட்டிய ஏடிஆர் மணிக்கு 500 கி.மீ. அளவில் செல்லும், அந்தக் கணக்கில் 355 கி.மீ.க்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆயினும் கால அட்டவணையில் ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் குறிக்கிறார்கள். காரணம், தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைவது, மேலெழும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, சென்னையின் வான்நெரிசலில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அந்த நேரத்தில் அடக்கம். தூரம் குறையக் குறைய இந்த நேரச் செலவின் பங்கு கூடும்.

2025 மார்ச் இறுதியில் திருச்சி–யாழ்ப்பாணம் சேவையும் தொடங்கியது. அதன் வான்தூரம் சுமார் 185 கி.மீ.; யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் சாலையில் பாதிகூட இல்லை.