சபராளியும் பயண முகவரும்: சேதுக்கரையில் ஒரு தொழிலின் வரலாறு



கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, வேதாளை, மண்டபம், பாம்பன் எனத் தொடரும் நம் கடலோர ஊர்களில் ‘சபராளி’ என்னும் சொல்லுக்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை. பொருள் தேடிக் கடல் கடந்து போனவரே சபராளி. அவர் போன கதையை நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அவரை அனுப்பிவைத்தவர் யார், எந்தச் சீட்டில் அனுப்பினார், அதற்கு என்ன கூலி பெற்றார் என்பதை மட்டும் நாம் பெரிதாகப் பேசியதில்லை. இன்று கைப்பேசியில் விரல் வைத்தால் விமானச் சீட்டு வந்துவிடுகிறது. இந்த வேளையில், இடையில் நின்று பயணம் செய்வித்த அந்தத் தொழிலின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது நம் பிள்ளைகளுக்குப் பயன் தரும்.

பாய்மரக் காலத்தில் பயண முகவர் என்று தனியாக ஒருவர் இல்லை. மரக்கலத்தின் சொந்தக்காரரும் அதைச் செலுத்திய நகுதாவுமே முகவர்கள். வாடையும் சோழகமும்தான் கால அட்டவணை. ஆளின் பேச்சுதான் சீட்டு. டாக்டர் அப்துல் கலாமின் தந்தையார் ஜைனுலாப்தீன் இராமேசுவரத்தில் படகு கட்டி, தனுஷ்கோடிக்குச் செல்லும் இந்து யாத்திரிகர்களை ஏற்றிச் சென்றார் என்பதை நாம் அறிவோம். மார்க்கம் வேறாயினும் ஏறியவரைப் பத்திரமாகக் கரை சேர்ப்பது அமானிதம் என்பதே அத்தொழிலின் முதல் விதியாக இருந்தது.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. சென்னை எழும்பூரில் போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பை அடைந்தார். ரயில், கப்பல், ரயில் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. இணையம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இரு நாடுகளையும் ஒரு கடலையும் ஒரு துண்டுத் தாளில் இணைத்த ஏற்பாடு அது.

அதே வழியில்தான் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களும் போனார்கள். அவர்களுக்கு இடையாள் கங்காணி. அவர் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. அந்தக் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக முடியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மண்டபம் முகாமில் தடுத்துவைத்து நோய் பரிசோதித்த பிறகே அம்மக்களைக் கப்பலேற்றினார்கள். வழி தெரிந்தவன் வழி தெரியாதவனுக்குத் துணையாகவும் இருக்கலாம், விலங்காகவும் ஆகலாம் என்பதற்கு இக்கரையே சாட்சி.

ஹஜ் பயணத்திலும் இந்தச் சிக்கல் எழுந்தது. பம்பாய்த் தரகர்களிடம் ஹாஜிகள் படும் துன்பம் குறித்து முறையீடுகள் பெருகியதால், ஆங்கிலேய அரசு 1886இல் லண்டனைச் சேர்ந்த தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயண முகவராக நியமித்தது. நட்டத்தின் காரணமாக 1893இல் அந்த ஏற்பாடு முடிந்தது. அதன் பின்னரும் நீண்ட காலம், நம் பெரியவர்கள் பம்பாய் வரை ரயிலில் போய், முஸாஃபிர்கானாவில் தங்கி, ஜித்தாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தக் கப்பல் போக்குவரத்து 1995இல் நின்றது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் இலங்கைப் போர்ச் சூழலால் 1980களில் நின்றுபோனது. கடல்வழி அடைபட்ட அந்தக் காலத்தில்தான் வளைகுடா வழி திறந்தது. கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ்.அப்துர் ரஹ்மான் போன்றோர் துபாயில் உருவாக்கிய நிறுவனங்கள் நம் பகுதி இளைஞர் பலருக்கு வேலை தந்தன. கடைத்தெருவில் பலகை மாட்டிய ‘டிராவல்ஸ்’ பெருகின. சென்னை மண்ணடி அவற்றின் தலைமையிடம் போல் ஆனது.

அக்காலத்து முகவரின் வேலையை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். தடித்த விமான அட்டவணை நூலைப் புரட்டி வழி கண்டுபிடிக்க வேண்டும். டிரங்க் கால் போட்டு விமான அலுவலகத்தில் இடம் கேட்க வேண்டும். கரித்தாள் பூசிய பல மடிப்புச் சீட்டைக் கையால் பிழையின்றி எழுத வேண்டும். ஊர் திரும்பிய சபராளி மீண்டும் போகும்போது, புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் முன்பே ‘ரீகன்ஃபர்ம்’ செய்ய வேண்டும். தவறினால் இடம் பறிபோகும். பாஸ்போர்ட் படிவம் நிரப்புவதும், விசாத் தாளில் உள்ள அரபியைப் படித்துச் சொல்வதும், சில வேளைகளில் பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்வதும் அவர் பணியே. விமான நிறுவனம் தந்த தரகுதான் அவருக்கு வருமானம்.

இணையம் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ரயில் முன்பதிவு தொடங்கியது. 2008 ஜூன் மாதத்தோடு உலக விமானப் போக்குவரத்துச் சங்கம் தாள் சீட்டுக்கு விடை கொடுத்தது. விமான நிறுவனங்கள் தரகைக் குறைத்துக்கொண்டே வந்து, பல இடங்களில் அறவே நிறுத்தின. சவூதி அரசு 2019இல் சுற்றுலா மின்விசாவையும் 2022இல் ‘நுசுக்’ தளத்தையும் தொடங்கியபின், உம்ராவுக்கும் முகவரின்றியே ஏற்பாடு செய்துகொள்ளும் வாய்ப்பு வந்தது. விலை நம் கண்ணுக்கு நேரே தெரிகிறது, அது நன்மைதான். ஆங்கிலமும் கணினியும் அறியாத உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் மட்டும் அந்தத் திரை இன்னொரு கடலாகவே இருக்கிறது.

எல்லாம் இணையத்துக்குப் போனபின் இடையாள் ஒழிந்தார் என்று நினைத்தால் அது பிழை. 2025 ஹஜ்ஜில் இந்தியாவுக்குக் கிடைத்த 1,75,025 இடங்களில் 52,507 தனியார் அமைப்பாளர்களுக்கு ஒதுக்கப்பட்டன. மினா முகாம், தங்குமிடம், போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலக்கெடுவுக்குள் முடியவில்லை என்று நடுவண் அமைச்சகம் கூறியது. பிறகு சுமார் 10,000 பேருக்கே வழி திறந்தது. பணம் கட்டி இஹ்ராம் துணியும் வாங்கி வைத்திருந்த பல்லாயிரம் பேர் அவ்வாண்டு வீட்டிலேயே இருந்தார்கள்.

இதனினும் கொடியது வேலை மோசடி. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகத்தில் வந்த அழைப்பை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. பழைய கங்காணிக்கு ஊரில் ஒரு முகமாவது இருந்தது. புதிய கங்காணிக்கு வாட்ஸ்அப் எண் மட்டுமே இருக்கிறது.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது முகவரா, இணையமா என்பதை அன்று. பொறுப்பேற்பவர் யார் என்பதையே. அதற்குச் சட்டம் சில வழிகளைத் தந்துள்ளது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்பதிவை ‘இ-மைக்ரேட்’ அரசுத் தளத்தில் எவரும் பார்க்கலாம். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும்தான். ‘விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். ஹஜ் அமைப்பாளரிடம் அவ்வாண்டின் அரசு அனுமதியையும் ஒதுக்கீட்டு எண்ணிக்கையையும் கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கடனையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதி வைத்துக்கொள்வது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு. அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி அறிந்த பிள்ளைகள் இருவர் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அமர்ந்து, பெரியவர்களின் படிவங்களைக் கூலியின்றி நிரப்பியும் சரிபார்த்தும் கொடுத்தால், அந்தப் பழைய முகவர் செய்த நல்ல பாதியை நாமே மீட்டுவிடலாம். நம்பி ஏறியவரைக் கரை சேர்க்கும் அமானிதத்தை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.