வாத்தின் வயிற்றில் ஒரு துளை

சீனாவின் குவாங்டோங் மாகாணத்துப் பொம்மை ஆலைகளில் மஞ்சள் வாத்து கூழாகத்தான் உயிர் பெறுகிறது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் தூளையும் அதை இளக்கும் எண்ணெய்ப் பதமான ரசாயனத்தையும் கலந்து, நிறமி சேர்த்து, வாத்து உருவம் குடைந்த உலோக அச்சுகளில் அளவாக ஊற்றுகிறார்கள். அச்சுகளை மூடி அடுப்புக்குள் அனுப்பி, எல்லாப் பக்கமும் புரளும்படி சுழலவிடுகிறார்கள். கூழ் உட்சுவரெங்கும் பரவி, வெந்து, தோலாக இறுகுகிறது. நடுவில் வெறும் காற்று. ஆறியதும் அச்சைத் திறந்து இழுத்தால் தொளதொளவென்று ஒரு வாத்து வரும். அலகுக்கு ஆரஞ்சு, கண்ணுக்குக் கறுப்பு. அடிவயிற்றில் ஒரு துளை. அந்தத் துளையில் ஒரு சின்னப் பீப்பி.

வாத்தின் பிற்கால வாழ்வைத் தீர்மானிப்பது அந்தத் துளைதான். குழந்தை அமுக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் வாத்து அமுங்காது, கத்தவும் கத்தாது. கத்தாத வாத்தைக் கடையில் யாரும் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே துளை போடுகிறார்கள். சில பொம்மைகளில் பீப்பிகூட இருக்காது; தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சுவதற்கென்றே துளை இருக்கும்.

வாத்தின் மூதாதையர் நிஜமாகவே ரப்பரில் பிறந்தவர்கள். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். வெயிலில் உருகாத, குளிரில் விறைக்காத ரப்பர் கிடைத்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ரப்பர் பொம்மைகள் கடைக்கு வந்தன. அப்போதைய வாத்து உள்ளீடற்றது அல்ல, கனமானது. மிதப்பதற்கு அல்ல, பல் முளைக்கும் பிள்ளைகள் கடிப்பதற்கு. ரஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சிற்பி பீட்டர் கானைன், 1940களில் மிதக்கும் வாத்து ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். 1970இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எர்னி என்ற பொம்மைப் பாத்திரம் தன் ரப்பர் வாத்தைக் கொஞ்சிப் பாடிய பாட்டு, பில்போர்டு பட்டியலில் 16ஆம் இடம்வரை போனது. அதன் பிறகு மேற்கத்திய வீடுகளில் குளியல் தொட்டி என்றால் வாத்தும் உடன் இருந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. ரப்பரின் இடத்தை மலிவான பிவிசி பிடித்துக்கொண்டது.

பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அந்தப் பொருள்தான். அதைக் குழந்தையின் கைக்கு இளக்கமாக்க நெடுங்காலம் சேர்க்கப்பட்டவை தாலேட் வகை ரசாயனங்கள். அவை பிளாஸ்டிக்கோடு ரசாயன ரீதியாகப் பிணைவதில்லை. இடுக்கில் தங்கியிருந்து மெல்ல மெல்ல வெளியே கசியும். குழந்தைகள் வாயில் வைக்கும் பொருள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அமெரிக்கா 2008இலும் பொம்மைகளில் சில தாலேட்டுகளைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தின. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்தத் தரவிதிகளிலும் தாலேட் வரம்பு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாங்கும் நாளில் பொம்மை எப்படி இருக்கிறது என்பதைத்தான் முத்திரை சொல்லும். ஆறு மாதம் தண்ணீரில் கிடந்த பிறகு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அங்கே நடப்பதைப் பார்ப்போம். குழந்தை வாத்தைத் தண்ணீருக்குள் அமுக்குகிறது. காற்று குமிழி விட்டு வெளியேறுகிறது. கையைத் தளர்த்தியதும் பிவிசி தோல் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது; உள்ளே அழுத்தம் குறைந்து துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. அது சுத்தமான தண்ணீர் அல்ல. சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்த்த எண்ணெய், உதிர்ந்த தோல், வியர்வை, பெரும்பாலும் கொஞ்சம் சிறுநீர் எல்லாம் கலந்த தண்ணீர். குளியல் முடிந்ததும் வாத்தை எடுத்து ஓரமாக வைக்கிறோம். எவ்வளவு பிழிந்தாலும் துளியூண்டு தண்ணீர் மடிப்புகளில் தங்கிவிடும்; அந்தச் சின்னத் துளை வழியே ஈரக்காற்று வெளியேறிக் காய்வதற்குள் அடுத்த நாள் குளியல் வந்துவிடும். இருட்டு, வெதுவெதுப்பு, ஈரம், சாப்பாடு: நுண்ணுயிரிகளுக்கு வேறென்ன வேண்டும்?

சுவிட்சர்லாந்தின் நீர் ஆய்வு நிறுவனமான ஈவாக், இதைக் கத்தி வைத்து அறுத்துப் பார்த்தது. லிசா நோய் (Neu), ஃபிரெடரிக் ஹம்மெஸ் ஆகியோர் அடங்கிய குழு, வீடுகளில் உண்மையிலேயே பயன்படுத்தப்பட்ட 19 குளியல் பொம்மைகளைச் சேகரித்தது. கூடவே ஒரே மாதிரியான 6 புதுப் பொம்மைகளை வாங்கி ஆய்வகத்தில் 11 வாரம் குளிப்பாட்டியது. சிலவற்றுக்குக் குளிப்பதற்கு முந்தைய சுத்தத் தண்ணீர், மற்றவற்றுக்குக் குளித்து முடித்த அழுக்குத் தண்ணீர். முடிவுகள் 2018இல் வெளியாயின.

பொம்மை ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாவற்றின் உட்சுவரிலும் படலம். வீட்டுப் பொம்மைகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 95 லட்சம் பாக்டீரியாக்கள். அழுக்குத் தண்ணீரில் குளித்தவற்றில் 7.3 கோடி. என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது மூன்றாவது எண்: சுத்தமான தண்ணீர் மட்டுமே பார்த்த பொம்மைகளிலும் சதுர சென்டிமீட்டருக்கு 55 லட்சம். அங்கே சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை, குழந்தையே இல்லை. அப்படியானால் அவை எதைத் தின்று வளர்ந்தன? பொம்மையைத்தான். இளகிய பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் கரிமப் பொருள்களே பாக்டீரியாவுக்கு உணவாகின்றன என்பது ஆய்வாளர்களின் வாதம். குளித்த தண்ணீர் அதோடு நைட்ரஜனையும் பாஸ்பரசையும் புதுப்புது நுண்ணுயிரிகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. பாத்திரமே விருந்தாகவும் இருப்பதால்தான் நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தப் போட்டியில் தோற்கிறோம்.

பூஞ்சை, வீட்டுப் பொம்மைகளில் 58 சதவீதத்தில் இருந்தது. அழுக்குத் தண்ணீர்ப் பொம்மைகள் அனைத்திலும் இருந்தது. அமுக்கும்போது தண்ணீரோடு கறுப்புக் கறுப்பாகச் செதில்கள் வருமே, அது அந்தப் பூஞ்சணமும் படலமும் பிய்ந்து வருவதுதான். ஐந்தில் நான்கு பொம்மைகளில் லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் போன்ற, நோய் உண்டாக்க வாய்ப்புள்ள பாக்டீரியாக்களும் கண்டறியப்பட்டன. சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் குளோரின் கலக்காத குழாய்த் தண்ணீர். நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே மேல்தொட்டிக்கு ஏற்றிக் குளிக்கும் வீடுகளின் நிலையும் அதுதான் என்பதால், அந்த எண்களை வெளிநாட்டுச் செய்தி என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

பயமுறுத்துவது என் நோக்கமல்ல. ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இப்படிப்பட்ட நுண்ணுயிரிகளோடு பழகுவது எதிர்ப்புச் சக்தியை வலுப்படுத்தக்கூடும் என்று ஹம்மெஸே சொன்னார். கண், காது, வயிறு ஆகியவற்றில் தொற்று வரக்கூடும் என்பதையும் அவர் கூடவே சொன்னார். பீய்ச்சும் பொம்மை குழந்தையின் முகத்துக்கு நேராகத்தான் பீய்ச்சும் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தைகளின் கதை முற்றிலும் வேறு. ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில், மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் தொற்று பரவியதற்கும் அங்கிருந்த குளியல் பொம்மைகளுக்கும் தொடர்பு இருந்ததை 1998இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், தண்ணீர் தேங்கும் பொம்மை எதுவும் குளியலறைக்குள் வரக்கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

இதே குடும்பத்தில் பிறந்த வேறு சில வாத்துகளுக்கு வாய்த்த விதி வேறு. 1992 ஜனவரி 10 அன்று, ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டக்கோமா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ‘எவர் லாரல்’ என்ற சரக்குக் கப்பலிலிருந்து 12 கன்டெய்னர்கள் வட பசிபிக் கடலில் புயலில் சரிந்து விழுந்தன. ஒன்றில் 28,800 குளியல் பொம்மைகள்: மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. அட்டைப் பொதி தண்ணீரில் ஊறிப் பிய்ந்ததும் அத்தனையும் கடலில் பரவின. பத்து மாதம் கழித்து, ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் தாண்டி, அலாஸ்காவின் சிட்கா அருகே கரையில் ஒதுங்கத் தொடங்கின. கர்டிஸ் எப்ஸ்மேயர், ஜேம்ஸ் இங்கிரஹாம் என்ற இரண்டு கடலியலாளர்கள் கரையோர மக்களிடம் தகவல் திரட்டி, எங்கே எப்போது எத்தனை ஒதுங்கின என்று கணக்கெடுத்தார்கள். பசிபிக் நீரோட்டங்களைக் கணிக்கும் கணினி மாதிரியைச் சரிபார்க்க அது பெரிதும் உதவியது. ஆண்டுகள் போகப் போக வாத்தும் பீவரும் வெயிலில் வெளுத்து வெள்ளையாகின. ஆமையும் தவளையும் நிறம் மாறவில்லை.

அவ்வளவு காலம் அவை எப்படி மூழ்காமல் இருந்தன? அந்தப் பொம்மைகளில் துளை கிடையாது. பனியும் புயலும் உப்பும் பார்த்தும் அவற்றின் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. பசிபிக்கைக் கடந்த வாத்தின் வயிறு காய்ந்தே இருந்தது. நம் வீட்டு பக்கெட்டைத் தாண்டாத வாத்தின் வயிற்றில் பூஞ்சணம் குடியேறியது.

சுத்தம் செய்வதைப் பற்றி நான் சொல்லப்போவது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். வெளி அழுக்கு சுலபம். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து படியும் வெள்ளைப் பிசுக்கை வினிகர் கரைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் வெள்ளை வினிகரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாக அலசி, காற்றோட்டமான இடத்தில் காயவைத்தால் போதும். துளையில்லாத பொம்மைக்கு வாரம் ஒருமுறை இதைச் செய்தால் அதன் ஆயுள் நீளும்.

உள்ளே பிடித்ததற்கு இந்த வைத்தியம் செல்லாது. அந்தப் படலம் சும்மா ஒட்டிய தூசு அல்ல. நுண்ணுயிரிகள் தாங்களே சுரக்கும் பசைக்குள் அடுக்கடுக்காகப் புதைந்து வாழும் ஊர். தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தொட்டால் வழுக்குவதும் இதனால்தான். தேய்த்தால் போகும், ஆனால் இரண்டு மில்லிமீட்டர் துளைக்குள் எந்த பிரஷும் போகாது. பிளீச் கரைசலை உறிஞ்ச வைத்தால் மேலடுக்கு சாகும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும், கறுப்புக் கறையும் அங்கேயே நிற்கும். அலசியும் போகாமல் தங்கிய பிளீச், அடுத்த குளியலில் குழந்தையின் கண்ணில் பீய்ச்சும். கொதிக்க வைத்தால் கிருமி சாகலாம். பிவிசி உருக்குலையும், அதிலுள்ள ரசாயனம் கசிவதும் கூடும்.

ஒன்றை எல்லா வீடுகளுக்கும் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்ப்பதும் அதே ஆபத்துதான். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். பொம்மையைச் சுத்தம் செய்யப்போய் யாருக்கும் அது நேரக்கூடாது.

ஆகவே, அமுக்கினால் கறுப்புச் செதில் வரும் பொம்மையை நான் காப்பாற்ற முயல மாட்டேன். தூக்கிப் போட வேண்டியதுதான். சந்தேகமாக இருந்தால் ஒன்றை நடுவில் அறுத்துப் பாருங்கள். மற்றவற்றை என்ன செய்வது என்று அது சொல்லிவிடும். புதிதாக வாங்கியதைத் தண்ணீர் படும் முன்பே அடைத்துவிடலாம். பசைத் துப்பாக்கியால் துளையை மூடி, நன்றாக இறுகியதா என்று இழுத்துப் பார்த்து, தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். பசைத் துணுக்கு பெயர்ந்தால் குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை நனைந்த பிறகு அடைப்பது வீண் வேலை. ஈரத்தை உள்ளே சிறைப்பிடிப்பதாகவே முடியும். அதைவிட நல்லது, துளையே இல்லாத பொம்மையோ இரண்டு பாதியாகத் திறக்கும் சிலிக்கான் பொம்மையோ வாங்குவது. கடையில் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க ஒரு நொடி போதும். பீப்பிச் சத்தம் போய்விடுமே என்று குழந்தைக்காக வருந்த வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் எதுவும் அதற்கு வாத்துதான். சத்தத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

துளையை அடைக்கும் வேலை பெற்றோருடையதாக இருப்பதே எனக்கு உறுத்துகிறது. அடைத்தே விற்க முடியும் என்பதற்குப் பசிபிக்கில் மிதந்த 28,800 பொம்மைகள் சாட்சி. ஹம்மெஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பொம்மைக்குப் பயன்படும் பிளாஸ்டிக் எவ்வளவு கரிமப் பொருளைக் கசியலாம் என்பதற்கே கடுமையான விதி வேண்டும் என்றார். குடிநீர்க் குழாய்களுக்கு அந்தச் சோதனை பல நாடுகளில் உண்டு. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கும் அதே சோதனை இருந்தாக வேண்டும் என்பதுதான் என் கருத்தும்.

தூக்கிப் போட்ட வாத்தின் பயணம் குப்பைத்தொட்டியோடு முடிவதில்லை. பிவிசியை மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் குறைவு. இளக்கிய, சாயம் பூசிய பிவிசியை இன்னும் குறைவு. மட்கவும் மட்காது. அதைக் காய்ந்த இலைக் குப்பையோடு சேர்த்துத் தெருவில் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயுவும், டையாக்சின் போன்ற நச்சுகளும் கிளம்பும். வாத்து உலர் குப்பையில் போகட்டும், நெருப்பில் வேண்டாம்.