வொக்சோல் உல்லாசவனமும் மக்கறோனி இளைஞரும்

கொழும்பு மாநகரின் கொம்பனித்தெருப் பகுதியிலே வொக்சோல் வீதி என்று ஒரு வீதி உண்டு. அப்பெயரைக் கேட்போருக்கு ஆங்கில மோட்டார் வண்டியொன்றின் நினைவு வருதல் இயல்பு. ஆயின் வண்டிக்கும் வீதிக்கும் முன்னரே இப்பெயரை உலகெங்கும் பரப்பியது இலண்டன் மாநகரின் தேம்சு நதித் தென்கரையில் அமைந்திருந்த ஓர் உல்லாசவனம் ஆகும். உருசிய மொழியிலே பெரிய புகையிரத நிலையத்தைக் குறிக்கும் ‘வக்சால்’ என்னுஞ் சொல்லும் இப்பூங்காவின் பெயரினின்றே பிறந்தது. இன்று குடும்பத்தினரும் காதலரும் கட்டணம் கொடுத்துப் புகுந்து ஒரு பகற்பொழுதைக் கழித்து மீளும் களியாட்டுப் பூங்காக்கள் யாவற்றுக்கும் இதுவே பாட்டி எனலாம்.

1661ஆம் ஆண்டளவில் இவ்விடம் புது வசந்தத் தோட்டம் என்னும் பெயரோடு மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. அக்காலத்திலே கட்டணம் இல்லை. நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற சாமுவேல் பீப்ஸ் அங்கு பலமுறை சென்றவர். பறவையொலியையும் வயலின் இசையையும் அவர் சுவைத்தார். எனினும் 1668இல் ஒரு குறையையும் எழுதி வைத்தார். ஆண் துணையின்றிப் பெண்கள் அமர்ந்திருந்த கொடிப்பந்தல்களுள் நகரத்து இளைஞர் சிலர் துணிந்து புகுந்து தொல்லை கொடுத்தனர் என்பதே அது. நூறு ஆண்டு கழிந்த பின்னும் அக்குறை தீர்ந்தபாடில்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

1729இல் யொனதன் தையர்ஸ் என்பவர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். 1732ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் நாள் இரவு அதனைப் புதுக்கோலத்தோடு திறந்து வைத்தார். இத்தாலிய முறையில் அமைந்த அத்திறந்தவெளி விழாவுக்கு நுழைவுச்சீட்டு ஒரு கினி. அஃதாவது 21 சிலிங். இளவரசர் பிரெடரிக் வந்திருந்தார். ஏறக்குறைய 400 பேர் கூடினர். வந்தவருட் பலர் முகமூடியணிந்து, டொமினோ எனப்படும் தொளதொளத்த நீண்ட அங்கியைப் போர்த்தியிருந்தனர். அந்த அங்கிக்குள் இருப்பவர் பிரபுவா, வணிகரா, ஆணா, பெண்ணா என்பதும் எளிதிற் புலப்படாது. ஒழுங்கைக் காக்கப் போர்வீரர் நிறுத்தப்பட்டிருந்தனர்.

அம்முகமூடி விழாக்களைக் குருமார் வெறுத்தனர். இலண்டன் அத்தியட்சர் எட்மண்ட் கிப்சன் 1724இலேயே அவற்றைக் கண்டித்துப் பிரசங்கம் செய்திருந்தார். கண்டனத்தின் உட்பொருளை உணர்தல் கடினமன்று. இன்ன குலத்தார் இன்ன துணியே உடுத்தல் வேண்டும் என்று விதித்த சட்டங்கள் இங்கிலாந்திலே 1604இல் நீக்கப்பட்டுவிட்டன. சட்டம் போயினும் வழக்கம் போகவில்லை. உடையைக் கண்டு ஆளை அறிந்து, ஆளுக்கேற்ப வணக்கம் செலுத்தும் சமுதாயத்திலே, ஒருவர் பிறிதொருவராய்த் தோன்றுவது விளையாட்டு மட்டுமன்று. அச்சந்தரும் செயலும் ஆகும்.

தையர்ஸ் நல்ல வணிகர். கினிக் கட்டணத்தால் நாடோறும் தோட்டம் நிரம்பாது என அறிந்து, ஒரு சிலிங் என்று குறைத்தார். கட்டணம் 1792 வரை அவ்வளவிலேயே நின்றது. ஒரு சிலிங் என்பது இலண்டன் கூலியாள் ஒருவனின் ஏறக்குறைய அரைநாட் சம்பளம். ஏழைக்கு அது பெருந்தொகை. எனினும் கடைக்காரரும் எழுதுவினைஞரும் பயிலுநரும் கோடையில் ஓரிரு மாலைகளில் மனைவியோடோ காதலியோடோ சென்று வரக்கூடிய தொகை. 1750இல் வெஸ்ற்மின்ஸ்ரர்ப் பாலம் திறக்கப்படும் வரை பெரும்பாலோர் படகேறியே வந்தனர். அந்திப் பொழுதிலே படகிற் சென்று இறங்கி, இருண்ட சிறுவழி கடந்து, மரங்கள் வரிசையாய் நின்ற பெருநடைபாதையிற் கால் வைத்தல் அக்காலத்தாருக்கு ஒரு மாயவுலகிற் புகுவது போன்றது. இருள் சூழ்ந்ததும் சீழ்க்கை ஒன்று ஒலிக்கும். ஏவலாளர் பலர் ஒரே வேளையில் திரிகளைக் கொளுத்துவர். ஆயிரக்கணக்கான விளக்குகள் கண்ணிமைப் பொழுதில் ஒளிரும். இசைமேடை, தகரத்தாற் செய்த பொய் நீர்வீழ்ச்சி, ஓவியர் பிரான்சிஸ் ஹேமன் முதலியோரின் படங்கள் மாட்டிய உணவறைகள் ஆகிய யாவும் அங்கிருந்தன. உணவோ விலை மிகுந்தது. அங்கு பரிமாறப்பட்ட பன்றியிறைச்சித் துண்டு மிக மெல்லியது. அதனூடாகப் பத்திரிகை வாசிக்கலாம் என்பது ஊரார் கேலி. களியாட்டுப் பூங்காக்களில் உணவு விலையைப் பற்றி முணுமுணுத்தல் இன்று தோன்றிய வழக்கமன்று.

தோட்டத்தின் நடுவே 1738இல் நாட்டப்பட்ட பளிங்குச் சிலையொன்று ஒரு புதுமை. றூபிலியாக் செதுக்கிய அச்சிலை, இசைமேதை ஹண்டல் உயிரோடிருக்கும் போதே நிறுவப்பட்டது. பெருமக்கள் சிலையென்றால் உரோமானியப் போர்வையோ அரசவை அங்கியோ எதிர்பார்க்கப்பட்ட காலம் அது. ஹண்டலோ பொய்முடியின்றித் தலையில் மெல்லிய தொப்பியும், பொத்தான் திறந்த சட்டையும், காலிற் கழன்று தொங்கும் செருப்புமாக, வீட்டில் ஓய்ந்திருப்பவர் போல் அமர்ந்து யாழ் மீட்டினார். இங்கு உடையை நெகிழ்த்து இளைப்பாறலாம் என்று சிலையே அழைத்தது போலும்.

எனினும் வாயிலில் ஒரு விதி இருந்தது. ஏவலாளர் சீருடை அணிந்தோர் உள்ளே புகலாகாது. கையில் ஒரு சிலிங் இருப்பினும், பிரபுவின் வீட்டுச் சீருடை உடலில் இருப்பின் வாயில் திறவாது. அதே ஏவலாளன் வேறு உடை உடுத்து வந்தால் தடுப்பார் யாருமில்லை. வாயிற்காவலன் ஆராய்ந்தது ஆளின் பிறப்பையன்று, மேலங்கியையே.

இத்தகைய தோட்டத்திலேதான் மக்கறோனிகள் என்னும் இளைஞர் கூட்டம் தன் கோலத்தைக் காட்டி உலாவியது. செல்வர் வீட்டு மைந்தர் கல்வி முடிந்ததும் பிரான்சு, இத்தாலி முதலிய நாடுகளைச் சுற்றிவருவது அக்கால வழக்கம். மீண்டு வந்தோர் இத்தாலிய மாவுணவாகிய மக்கறோனியிலும் அயல்நாட்டு உடையிலும் மோகங் கொண்டனர். 1764இலேயே ஹொறஸ் வோல்போல் என்னும் எழுத்தாளர் மக்கறோனிக் கழகம் ஒன்றைப் பற்றிக் குறிப்பிடும்போது, நீண்ட சுருட்டை முடியும் கையிற் பார்வைக் கண்ணாடியும் அவர்க்குரிய அடையாளங்கள் என்கிறார். 1770ஐ அடுத்து அவ்வேடம் உச்சநிலையை அடைந்தது. உடலை இறுக்கிய குறுஞ்சட்டை. கோடிட்ட பட்டுக் காற்சட்டை. செந்நிறக் குதியுள்ள பாதணி. மார்பிலே பெரிய மலர்க்கொத்து. வானளாவ உயர்த்திய பொய்முடி. அதன் உச்சியில், கையால் எட்டாத உயரத்தில், சிறு தொப்பி. பிற்காலத்திலே பெரும் அரசியல்வாதியாய் விளங்கிய சாள்ஸ் யேம்ஸ் பொக்ஸ் இளமையில் நீலப்பொடி தூவிய தலையோடு திரிந்தவர் என்றால், இது வெறும் வீணர் கூட்டம் என்று ஒதுக்கவும் இயலாது.

ஸ்ற்றாண்ட் வீதியில் அச்சுப்படக் கடை வைத்திருந்த டார்லி தம்பதியர் 1771 முதல் இவர்களைக் கேலி செய்யும் படங்களை வரிசையாய் வெளியிட்டுப் பொருள் ஈட்டினர். மக்கள் கடைச்சாளரத்தின் முன் கூடி நகைத்தனர். நகைப்பின் உள்ளே சினமும் இருந்தது. ஆண்மை குன்றியவர், ஆங்கிலப் பண்பைக் கெடுப்பவர், அயலாரைப் பின்பற்றும் குரங்குகள் என்னும் வசைகள் எழுந்தன. 1772இல் வெளிவந்த ஒரு படம் யூலியஸ் சூபீஸ் என்பவரைக் குறிவைத்தது. மேற்கிந்தியத் தீவொன்றில் அடிமைக் குலத்திற் பிறந்து, குவின்ஸ்பெரிக் கோமகளின் ஆதரவில் வளர்ந்து, வாட்போரும் குதிரையேற்றமும் பயின்ற கறுப்பின இளைஞர் அவர். பிரபு மைந்தன் அணிந்தால் மிகை எனப்பட்ட உடையை அவர் அணிந்தபோது, உடையோடு நிறமும் சேர்த்து இகழப்பட்டது. பின்னர் அவர் கல்கத்தாவுக்குச் சென்று குதிரையேற்றப் பள்ளி நடத்தினார். 1798இல் குதிரையினின்றும் வீழ்ந்து அங்கேயே மாண்டார்.

இனி 1773ஆம் ஆண்டு யூலை மாதத்து நிகழ்ச்சி. கொவன்ற் கார்டன் நாடக அரங்கிலே முந்திய ஆண்டில் முதன்முறை தோன்றிய எலிசபெத் ஹார்ட்லி என்னும் நடிகை, செந்நிறக் கூந்தலும் பேரழகும் வாய்ந்தவர். ஓவியர் றெயினோல்ட்ஸ் அவரைத் தீட்டியிருக்கிறார். அவர் ஹென்றி பேட் என்னும் பாதிரியாரோடும் நண்பர் சிலரோடும் வொக்சோலுக்கு மாலைப்பொழுதைக் கழிக்கச் சென்றார். பேட் சமயகுருவாயினும் பத்திரிகையாளராய்ப் பெயர் பெற்றவர், உடல்வலி மிக்கவர். ‘சண்டைக்காரப் பாதிரியார்’ என்பது அவருக்கு ஊர் இட்ட பெயர்.

அவர்கள் அமர்ந்திருந்த இடத்துக்கு அண்மையில் மக்கறோனி வேடத்தினர் சிலர் வந்து கூடினர். அயர்லாந்துச் செல்வரும் துவந்த யுத்தப் பிரியருமான யோர்ஜ் றொபேட் பிற்ஸ்யெறல்ட், லிற்றில்ற்றன் பிரபுவின் மைந்தர், கப்டன் குறொப்ட்ஸ் என்போர் அவருட் சிலர். அவர்கள் நடிகையின் முகத்தை வெட்கமின்றி உற்று நோக்கினர். நோக்கம் நீண்டது. இருந்தவிடத்தில் இருக்க இயலாமல் அப்பெண் கலங்கினார். பாதிரியார் நடுவே புகுந்து, அவர்களை அதேபோல் உற்று நோக்கினார், சொற்போர் மூண்டது, தோட்டத்தார் கூடினர்.

மறுநாள் பேட்டும் குறொப்ட்சும் சந்தித்துப் பேசி இணங்கும் நிலைக்கு வந்தனர். அவ்வேளையில் பிற்ஸ்யெறல்ட், கப்டன் மைல்ஸ் என்று ஒருவரை அழைத்து வந்து, இவரையும் பாதிரியார் அவமதித்தார், இவர் கைக்குத்தாற் பழி தீர்க்க விரும்புகிறார் என்றார். பேட் மேலங்கியைக் கழற்றினார். கப்டன் மைல்ஸ் நன்றாக அடிவாங்கி, முகம் வீங்கி, வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டார். பின்னரே உண்மை வெளியாயிற்று. மைல்ஸ் கப்டனும் அல்லர், கனவானும் அல்லர். பிற்ஸ்யெறல்டின் ஏவலாள்! தன் சீருடையைக் களைந்து கனவான் உடை உடுத்து, எசமானின் கட்டளைப்படி அடிவாங்க வந்தவன்.

இலண்டன் நகைத்தது. பத்திரிகைகளில் இரு பக்கத்தாரும் கடிதங்கள் எழுதினர். அவை தொகுக்கப்பட்டு அவ்வாண்டிலேயே நூலாயும் வந்தன. மக்கறோனிகள் தோற்றனர் என்று அந்நூலின் பெயரே பறைசாற்றியது. சீருடை அணிந்து வந்தால் வொக்சோல் வாயிலிலேயே தடுக்கப்பட வேண்டிய ஒருவனுக்குக் கனவான் உடை அணிவித்துச் சபையிற் கொண்டு வந்தவர்கள், உடையால் மேன்மை காட்டித் திரிந்தவர்களே. ஆயினும் இந்நிகழ்ச்சியிலே பரிந்து பேசப்பட வேண்டிய மற்றொருவரைப் பத்திரிகைகள் மறந்தன. அந்த ஏவலாளின் வீங்கிய முகம் நகைப்புக்குப் பொருளாயிற்றேயன்றி, மறுக்க இயலாத நிலையில் அவன் அனுப்பப்பட்டமை பேசப்படவில்லை. நடிகையின் நிலையும் அத்தகையதே. ஆண்களின் மானம் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதினர். நடிகையென்றால் அரங்கிற்கு வெளியேயும் பார்வைக்குரிய பொருளா என்னும் கேள்வியை ஆராயப் புகுந்தோர் குறைவு. ஐந்தாண்டின் பின் பனி பேர்னி என்னும் பெண் எழுத்தாளர் தம் ‘எவலினா’ நாவலில், வொக்சோலின் இருண்ட நடைபாதைகளில் இளம்பெண்ணொருத்தி இளைஞராற் சூழப்பட்டு அஞ்சுவதைச் சித்திரித்தார். பீப்ஸ் கண்ட குறையைப் பெண்ணின் கண் கொண்டு எழுதிய பகுதி அது.

பிற்ஸ்யெறல்ட் 1786இலே கொலைக் குற்றத்துக்காக அயர்லாந்தில் தூக்கிலிடப்பட்டார். ஹார்ட்லி 1780இல் அரங்கை விட்டு விலகினார். அவ்வாண்டிலே பேட் அவருடைய சகோதரியை மணந்தார். பிற்காலத்தில் பேட் பட்டம் பெற்றுச் சேர் ஹென்றி பேட் டட்லி ஆனார். இவ்விருவரும் 1824ஆம் ஆண்டிலேயே காலமாயினர். மக்கறோனிக் கோலமோ நெடுநாள் நிலைக்கவில்லை. 1795இலே தலைமுடிப் பொடிக்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதிக்கப்பட்டதும் பொடியே அருகிற்று.

வொக்சோல் 1859இல் மூடப்பட்டது. அதற்குள் அதன் பெயரும் முறையும் கடல் கடந்துவிட்டன. 1843இலே டென்மார்க்குத் தலைநகரில் கார்ஸ்ற்ரென்சன் திறந்த பூங்கா முதலில் ‘திவொலியும் வொக்சோலும்’ என்றே பெயர் பெற்றது. அத்திவொலியை 1951இலே கண்டு வியந்தவர்களுள் வோல்ற் டிஸ்னி ஒருவர். கலிபோர்ணியாவில் அவர் அமைத்த டிஸ்னிலாந்து 1955 யூலை 17ஆம் நாள் திறக்கப்பட்டது.

அங்கும் வாயிலிலே உடை ஆராயப்பட்டது. 1960களில் நீண்ட முடி வளர்த்த ஆடவர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1970 ஓகஸ்ற் 6ஆம் நாள் போர் எதிர்ப்பு இளைஞர் சில நூற்றுவர் நீள்முடியோடும் வண்ண உடைகளோடும் கூட்டமாய்ப் புகுந்து ஆரவாரம் செய்யவே, பூங்கா நேரத்தோடு மூடப்பட்டது. 1999இலோ வேறொரு கூட்டம் வந்தது. ஆங்கில நாட்டு இசைக்குழுக்களிடையே 1970களின் இறுதியில் தோன்றிய கொதிக் கோலத்தவர் அவர்கள். கரிய மென்பட்டும் வலைத்துணியும் வெளிறிய முகப்பூச்சும் தாங்கி, இணையிணையாய்க் கைகோத்துப் பேய்மாளிகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். ஆண்டுதோறும் தொகை பெருகிற்று. 2011 முதல் பழங்காலக் கனவான் உடையணிந்து வருவோருக்கும் தனிநாள் ஏற்பட்டது.

பூங்காவின் விதி இன்று நீள்முடியைத் தடுப்பதில்லை. பதினான்கு வயதும் அதற்கு மேலும் உள்ளோர் கதைப்பாத்திர வேடத்தோடு வருவதையே தடுக்கிறது. பூங்காவின் உண்மையான வேடதாரிகளெனச் சிறுவர் மயங்குவர் என்பது அதற்குக் காரணம். 1732இல் வந்தோர் அங்கியும் முகமூடியும் போர்த்தித் தம்மை மறைத்துத் தோட்டத்துள் உலாவினர். கரிய உடையோருக்கு இவ்விதியால் இடையூறில்லை. அவர் உடுத்தியிருப்பது வேடமன்று, தம் சொந்த உடை.