இழந்தது என்ன? தரவுக் கசிவுக் கூட்டு வழக்குகளின் வரலாற்றிலிருந்து

தரவுக் கசிவின் வரலாற்றைத் தொழில்நுட்ப வரலாறாக எழுதுவதே இன்றைய வழக்கம். எந்த மென்பொருளில் ஓட்டை, யார் ஊடுருவினார்கள், எத்தனை கோடிப் பதிவுகள் போயின என்று அது நகரும். நீதிமன்றத் தீர்ப்புகளை வரிசையாக வாசிப்பவருக்கோ வேறொரு இழை தென்படும். கடந்த இருபது ஆண்டுகளாக நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் எழுப்பி வந்திருக்கிறார்கள்: தரவு களவுபோனது உண்மை, அதனால் வாடிக்கையாளர் இழந்தது என்ன?

கூட்டு வழக்கு என்னும் கருவி இந்தத் தேவைக்காகப் பிறந்ததன்று. ஒவ்வொருவருக்கும் சிறிய இழப்பு, தனியே வழக்காடினால் செலவுக்குக்கூடத் தேறாது. ஆனால் பாதிக்கப்பட்டோர் இலட்சக்கணக்கானோர். இந்நிலைக்காகவே அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறையின் 23ஆம் விதி 1966இல் திருத்தியமைக்கப்பட்டது. தரவுக் கசிவுக்கு அது பொருந்த இன்னொரு நிபந்தனை நிறைவேற வேண்டியிருந்தது: தம் தரவு போய்விட்டது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும். கசிவை வாடிக்கையாளருக்கு அறிவிக்கக் கட்டாயப்படுத்திய முதல் அமெரிக்க மாநிலச் சட்டம் கலிபோர்னியாவினுடையது. 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2005இல் சாய்ஸ்பாயின்ட் என்னும் தரவு வணிக நிறுவனத்தின் பதிவுகள் மோசடிக்காரர்கள் கைக்குச் சென்றபோது, அந்நிறுவனம் முதலில் கடிதம் எழுதியது கலிபோர்னியாவாசிகளுக்கு மட்டுமே. பிற மாநிலத்தார்க்கு அறிவிக்கச் சட்டம் சொல்லவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே நாடு முழுவதும் ஏறத்தாழ 1,63,000 பேர் என்ற கணக்கு வெளிப்பட்டது. மற்ற மாநிலங்கள் அறிவிப்புச் சட்டம் இயற்ற விரைந்தது இதன் பின்னரே.

அறிவிப்புக் கடிதம் வந்தது, வழக்கும் வந்தது. ஆனால் அமெரிக்க அரசமைப்பின் மூன்றாம் உறுப்பு, உண்மையான பாதிப்பு உடையவரே கூட்டாட்சி நீதிமன்றத்தின் வாயிலைத் தாண்டலாம் என்கிறது. களவுபோன அட்டை எண் இன்னும் பயன்படுத்தப்படாத நிலையில் பாதிப்பு எங்கே இருக்கிறது? மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இதில் பிளவுபட்டன. ஸ்டார்பக்ஸ் ஊழியர்களின் விவரங்கள் இருந்த மடிக்கணினி திருடுபோன வழக்கில், 2010இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் வருங்கால அபாயமே போதும் என்றது. மறு ஆண்டே செரிடியன் என்னும் ஊதியக் கணக்கு நிறுவனத்தின் வழக்கில் மூன்றாம் வட்ட நீதிமன்றம் போதாது என்றது.

2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கிளாப்பர் தீர்ப்பை வழங்கியது. அது தரவுக் கசிவு வழக்கே அன்று. அரசின் மின்னணு ஒட்டுக்கேட்பை எதிர்த்து ஆம்னஸ்டி அமைப்பும் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் தொடுத்த வழக்கு. ஊகிக்கப்படும் தீங்கு போதாது, அது நிச்சயமாக நெருங்கி வருவதாக இருக்க வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நான்கு பேர் மறுத்தார்கள். அந்த ஊகத்துக்கு அஞ்சி ஒருவர் தாமாகச் செய்யும் செலவும் கணக்கில் வராது என்றது தீர்ப்பு. உளவுத்துறையைக் காத்த அவ்வாதத்தை அடுத்த சில மாதங்களிலேயே வணிக நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் எடுத்தாளத் தொடங்கினார்கள். சட்ட வரலாற்றில் ஒரு வாதம் இப்படி வீடு மாறுவது புதிதன்று என்றாலும், இந்த இடப்பெயர்ச்சி தனி ஆய்வுக்கு உரியது.

மாற்றுக் குரல் 2015இல் சிகாகோவிலிருந்து வந்தது. நைமன் மார்கஸ் அங்காடியிலிருந்து சுமார் 3,50,000 அட்டைகளின் விவரங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் 9,200 அட்டைகளில் மோசடி நடந்திருந்தது. எஞ்சியோருக்கும் வழக்காடும் தகுதி உண்டென்ற ஏழாம் வட்ட நீதிமன்றத்தின் தர்க்கம் எளிமையானது: மோசடி செய்யும் நோக்கமில்லாதவன் எதற்காக அட்டை விவரங்களைத் திருடப்போகிறான்? பாட்டிமார் கேட்கும் கேள்விதான் இது. அதைச் சட்டமொழியில் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

எக்விஃபேக்ஸ் வழக்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டை 2017 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டது, திருத்தமும் வெளியாகியிருந்தது. நிறுவனம் அதைத் தன் அமைப்பு ஒன்றில் பொருத்தத் தவறியது. செப்டம்பர் 7 அன்று கசிவு வெளியே சொல்லப்பட்டது. இறுதிக் கணக்கில் சுமார் 14.7 கோடிப் பேர். அவர்களுள் பெரும்பாலோரை 'வாடிக்கையாளர்' என்பதே பொருந்தாது. கடன் தகுதி மதிப்பிடும் அந்நிறுவனத்திடம் அவர்கள் தம் விவரங்களைத் தரவில்லை, வங்கிகளே தந்தன. 2019 ஜூலையில் சமரசம் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 70 கோடி டாலர் வரை என்று செய்தித் தலைப்புகள் முழங்கின. கடன் கண்காணிப்புச் சேவை ஏற்கெனவே உள்ளவர்கள் அதற்குப் பதிலாக 125 டாலர் ரொக்கம் கேட்கலாம் என்றார்கள். ஆனால் இந்த ரொக்கத் தெரிவுக்கென ஒதுக்கப்பட்டது 3.1 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் 2,48,000 பேருக்குத்தான் முழுத் தொகை கிட்டும். விண்ணப்பங்கள் வெள்ளமெனக் குவிய, ஒரு வாரத்துக்குள்ளாகவே கூட்டாட்சி வணிக ஆணையம் ரொக்கம் கேட்காதீர்கள், கண்காணிப்புச் சேவையைத் தேர்ந்தெடுங்கள் என்று மக்களுக்கு அறிவுரை கூறியது. வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் அனுமதித்த கட்டணம் 7.75 கோடி டாலர்.

2020 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை இக்களவு தொடர்பாகச் சீனப் படையைச் சேர்ந்த நால்வர்மீது குற்றஞ்சாட்டியது. அக்குற்றச்சாட்டு உண்மையாயின், திருடியவனுக்கு வேண்டியது எவருடைய கடன் அட்டையும் அன்று. அப்படியென்றால் நைமன் மார்கஸ் தர்க்கம் இங்கே எப்படிச் செல்லும்? அட்டை மோசடியையே அளவுகோலாகக் கொண்ட சட்டத்துக்கு இவ்வகைக் களவை அளக்கத் தெரியாது என்பதே என் கருத்து.

2021இல் வாயில் மேலும் குறுகியது. டிரான்ஸ்யூனியன் வழக்கில் 8,185 பேரைத் தவறாகப் பயங்கரவாதப் பட்டியலோடு பொருத்தியிருந்தது நிறுவனம். அக்குறிப்பு வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கே வழக்காடும் தகுதி, கோப்பிலேயே கிடந்த 6,332 பேருக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும், நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐஃபோன் பயனர்கள் சார்பில் கூகுள்மீது தொடுக்கப்பட்ட வழக்கை, தனித்தனி இழப்பு நிறுவப்படவில்லை என்று நிராகரித்தது. ஐரோப்பா வேறு வழி சென்றது. தரவு தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சமே பொருளல்லாத சேதமாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரிலும், கட்டுப்பாட்டை இழந்ததே சேதம் என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2024 நவம்பரிலும் தீர்ப்பளித்தன.

இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றத்தில் முதிரும் முன்பே சட்டமன்ற மேசையில் முடிக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தம் நுழைத்த 43ஏ பிரிவு, கவனக்குறைவான நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா ஒரு படி மேலே சென்று, பாதிக்கப்பட்ட ஒரு வகுப்பினர் அனைவர் சார்பிலும் ஒரே புகார் அளித்து இழப்பீடு கோரலாம் என்று 64ஆம் பிரிவில் வகைசெய்தது. 2022 ஆகஸ்டில் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் இழப்பீடு என்பதே இல்லை. 43ஏ பிரிவையும் அது நீக்குகிறது. பாதுகாப்புத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. அப்பணம் இந்தியத் தொகுப்பு நிதியைச் சேரும். பொய்ப் புகார் அளிக்கும் குடிமகனுக்கும் 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. போபால் வழக்கில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசு பாதிக்கப்பட்டோரின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டதை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. அங்கே, பெற்ற தொகை எத்துணைக் குறைவாயினும், பாதிக்கப்பட்டோருக்கு உரியது என்ற கோட்பாடேனும் இருந்தது.

நுகர்வோர் சட்டம் பயிலும் மாணவர்கள் கவனிக்க ஒரு சிறு வழி எஞ்சியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 35ஆம் பிரிவு, ஒரே நலனுடைய பலர் சார்பில் சிலர் புகார் அளிக்க இடந்தருகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு பிற சட்டங்களைக் குறைப்பதில்லை என்கிறது. 39ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றங்களை விலக்குகிறது. நுகர்வோர் ஆணையம் இவ்விரண்டில் எதன் கீழ் வரும் என்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குத் தகுதியான கேள்வி. எடுத்துக்கொள்ள விரும்புவோர் எழுதுங்கள். என்னிடமுள்ள தீர்ப்பு நகல்களைப் பகிர்கிறேன்.