நீயும் தானேண்ணா கட்டறே?

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, சித்தூரில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து தம்பிக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தேன். தம்பி என்றால் சித்தப்பா மகன். மொபைலில் பணம் வைத்து ரம்மி ஆடி இரண்டு லட்சத்துச் சொச்சம் விட்டவன். பர்சனல் லோன் போட்டு ஆடியிருக்கிறான். வீட்டில் யாருக்கும் தெரியாது. லோன் கட்ட முடியாமல் போனபோதுதான் எனக்குப் போன் பண்ணினான். வங்கிக்காரன் வாய் சும்மா இருக்குமா? வட்டிக் கணக்கில் ஆரம்பித்து தருமபுத்திரர் வரை போய்விட்டேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீயும் தானேண்ணா மாசா மாசம் காசு கட்டி கம்ப்யூட்டர்ல ஆடறே? உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

உண்மைதான். டொரண்டோவில் சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும், கத்தி கேடயத்தோடு ஒரு மாய உலகத்தில் இரண்டு மணி நேரம் சுற்றுவேன். கூட வருபவர்கள் யார், எந்த ஊர் என்று பாதிப் பேரைப் பற்றித் தெரியாது. மாதம் பதினைந்து டாலர் சந்தா. பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை, சும்மா பொழுதுபோக்குக் கேஸ். "நாப்பத்தஞ்சு வயசுல இதெல்லாம் தேவையா?" என்று வீட்டம்மா கேட்டாகிவிட்டது :-)

தம்பிக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பி வரும் விமானத்தில் முழுக்க அதே யோசனை. பி.காம் படித்த புத்தி, கடைசியில் லெட்ஜரில்தான் போய் நின்றது. ஒரு ஆட்டம் நடக்கிறது என்றால் அதற்கு யார் காசு கட்டுகிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு சின்ன வரலாறே கிடைக்கிறது.

எங்கள் பக்கத்துக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருமலையில் ஹாத்திராம்ஜி மடம் பார்த்திருப்பீர்கள். 1843 முதல் 1933 வரை கோயில் நிர்வாகமே அந்த மடத்து மகந்துகள் கையில்தான் இருந்தது. மடத்தின் மூலவர் ஹாத்திராம் பாவாஜி, வடக்கேயிருந்து வந்த பக்தர். ராத்திரி நடை சாத்தியதும் பெருமாளே வந்து அவரோடு பகடை ஆடுவாராம். ஒரு நாள் பெருமாளின் நகை பாவாஜி குடிசையில் தங்கிவிட்டது. பந்தயத்தில் தோற்று வைத்துவிட்டுப் போனார் என்று சிலர் சொல்வார்கள், மறந்துவிட்டுப் போனார் என்று சிலர். விடிந்ததும் பாவாஜி மேல் திருட்டுப் பட்டம். அறை நிறையக் கரும்பைப் போட்டு, ராத்திரிக்குள் தின்று நிரபராதி என்று காட்டச் சொன்னார்கள். பெருமாள் யானையாக வந்து தின்றுவிட்டுப் போனார். "ஹாத்தி" அப்படி வந்த பெயர். பாட்டி சொல்லும்போது யானைதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால், ஆடின வரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை, நடுவில் ஒரு நகை வந்ததும்தான் வழக்கு வந்தது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' என்ற ஆட்டம்தான் இதற்கெல்லாம் தாத்தா. படமே கிடையாது, எல்லாம் எழுத்து. ஆடியவர்கள் காசு கட்டவில்லை. பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர், பல்கலைக்கழகத்தின் செலவு.

அடுத்தது மணிக்கணக்கு. 1985-ல் கம்ப்யூசர்வ் நெட்வொர்க்கில் 'ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்' வந்தது. ஆட்டத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் இணைப்புக்கு மணிக்கு 6 டாலர். வேகமான இணைப்பு என்றால் 12. இதில் அதிகம் ஆடுகிறவன் அதிகம் கட்டுவான். என்னை மாதிரி வாரம் இரண்டு மணி ஆசாமிக்குத்தான் இது லாபம்.

பிறகு மாதக்கணக்கு வந்தது. 1996 டிசம்பரில் ஏ.ஓ.எல். நிறுவனம் மணிக்கணக்கை விட்டுவிட்டு மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இணையம் என்றது. அதே வருஷம் 'மெரிடியன் 59', 1997-ல் மாதம் 9.95 டாலருக்கு 'அல்டிமா ஆன்லைன்', 2004 நவம்பரில் மாதம் 14.99 டாலருக்கு 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'. 2010-ல் இந்தக் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள்.

இங்கே லெட்ஜர் தலைகீழாகிவிட்டது, கவனித்தீர்களா? ராத்திரி பகலாக ஆடுகிறவனும் அதே பதினைந்து, வாரம் இரண்டு மணி ஆடுகிற நானும் அதே பதினைந்து. அதாவது அவன் ஆட்டத்துக்கு நானும் சேர்த்துக் கட்டுகிறேன். ஜிம்மில் பேர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பவர்களால்தான் ஜிம் நடக்கிறது என்பார்களே, அதே கதை.

இதெல்லாம் அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்தபோது நான் எங்கே இருந்தேன்? திருப்பதியில், லீலா மஹால் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில். (கொசுவத்தி சுற்ற ஆரம்பிச்சாச்சு!) 2000-ம் வருஷம், பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். மணிக்கு இருபத்தைந்து ரூபாய். நாலு பேர் சேர்ந்து நாலு கம்ப்யூட்டரைப் பிடித்துச் சுட்டுக்கொண்டு சாவோம். காசு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது, சித்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். மாதச் சந்தா ஆட்டங்களைப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி. அதற்கு வெளிநாட்டில் செல்லும் கிரெடிட் கார்டு வேண்டும். ஹாஸ்டல் பையனுக்குக் கார்டு யார் கொடுப்பார்கள்? இன்று என்னிடம் வந்து கேட்டால் நானே கொடுக்க மாட்டேன்.

கார்டு வந்த பிறகும் சந்தாவுக்கு வழி லேசாக இல்லை. 2009 ஆகஸ்டிலிருந்து ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்குக் கூடுதல் கடவுச்சொல் வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான புது விதிகள் 2021 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தபோது, ஏகப்பட்ட பேருடைய சந்தாக்கள் ஒரே மாதத்தில் அறுந்தன. நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாதச் சந்தா ஆட்டம் எங்கள் ஊரில் வேர் பிடிக்கவே இல்லை.

வேர் பிடித்தது வேறு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிந்தது. அதே வருஷம் யூ.பி.ஐ. வந்தது, பத்து ரூபாய்கூட விரல் நுனியில் போனது. முதலில் 'பப்ஜி' மாதிரி இலவச ஆட்டங்கள். ஆட இலவசம், சட்டை துப்பாக்கிக்குக் காசு. பெரும்பாலானவர்கள் ஒன்றும் கட்டமாட்டார்கள், ஒரு சிலர் கொட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சிலரைத் தொழிலில் 'திமிங்கலம்' என்றே சொல்கிறார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. அதற்கு முன்பே தம்பி ரம்மிக்குப் போயிருந்தான்.

ரம்மிக்கும் ஆந்திராவுக்கும் பழைய சொந்தம். 1963-ல் செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் புகுந்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பு வந்தது. விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து, எதை வைப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. கிளப் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. பில்லியர்ட்ஸுக்கு வாங்குவது போல வசதிக்காக வாங்கும் கட்டணம் தப்பில்லை, ஆனால் ஆட்டத்திலிருந்தே கிளப் லாபம் அடித்தால் அது குற்றமாகலாம் என்று ஒரு கோடு கிழித்தார்கள்.

ஆன்லைன் ரம்மிக் கம்பெனிகள் பல வருஷம் 'திறமை' என்ற முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் பாதியை யாரும் விளம்பரத்தில் சொல்லவில்லை. பந்தயத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு. பந்தயம் பெருத்தால் வரும்படி பெருக்கும். ஆந்திர அரசு 2020 செப்டம்பரில் 1974-ம் வருஷச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தைத் தடை செய்தது. மத்திய அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்றது. அதில் வங்கிகளுக்கும் ஒரு உத்தரவு: பண ஆட்டத்துக்குப் பணம் போக வழி விடாதே. அதே சட்டம், பந்தயமாக இல்லாதவரை சந்தாவோ நுழைவுக் கட்டணமோ வாங்கலாம் என்று பொழுதுபோக்கு ஆட்டங்களைத் தனியாக வைத்திருக்கிறது. 1967-ல் கிழித்த அதே கோடு!

தம்பியின் ஸ்டேட்மெண்டை அன்று மாடியிலேயே பார்த்தேன். இருநூறு, ஐநூறு, ஐநூறு, ஆயிரம். ராத்திரி ரெண்டு மணிக்குப் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் பின் நம்பர் போட்டு அவனேதான் அனுப்பியிருக்கிறான். எங்கள் வங்கிப் பாதுகாப்பு முழுக்க "நீதானா?" என்று கேட்கத்தான் செய்திருக்கிறோம். "போதுமா?" என்று கேட்க ஒரு பட்டனும் இல்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் என் ஸ்டேட்மெண்டையும் எடுத்துப் பார்த்தேன். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டுமே. பன்னிரண்டு மாதம், 180 டாலர். நான் உள்ளே போய் ஆடின மாதங்கள் ஐந்து! மீதி ஏழு மாதம் மறதிக்குக் கட்டினது. தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்தினேன். ஆடுகிற மாதம் மட்டும் கட்டுவதாக முடிவு.

ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். லோனில் இன்னும் பதினாலு தவணை பாக்கி, ஆறு நான் கட்டுகிறேன், எட்டு அவன். ரொம்ப நாளைக்கப்புறம் சத்தமாகச் சிரித்தான்.

"அப்ப நீயும் தோத்திருக்கேண்ணா."

"ஆமாண்டா. ஆனா எவ்வளவு தோப்பேன்னு எனக்கு ஜனவரியிலேயே தெரியும். நான் தோத்தா நடுராத்திரியில எவனும் இன்னொரு ஆட்டத்துக்குக் கூப்பிடவும் மாட்டான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பையன் உன் ஆட்டத்தைப் பார்க்கணும்கிறாண்ணா, காட்டறியா?" என்றான். வர்ற சனிக்கிழமை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு ராத்திரி, அவனுக்கு ஞாயிறு காலை. பக்கத்தில் அவன் அப்பாவும் உட்கார வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

நண்பர்களே, ஊரில் உங்களுக்கும் ஒரு தம்பி இருப்பான். அடுத்த தடவை போன் பேசும்போது மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முன்னால் உங்கள் ஸ்டேட்மெண்டை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் :-)