கரிசல் காட்டிலிருந்து கணினி முதுநிலை வரை: எம்.சி.ஏ. படிப்பு கடந்துவந்த நாற்பது ஆண்டுகள்

1985 மார்ச் மாதத்தில் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் இன்று விருதுநகர் என்று வழங்கும் காமராசர் மாவட்டத்துக்குள் வந்தன. அதே ஆண்டில் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1984 நவம்பரில், ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்துக் கணினி இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியிருந்தது. இவற்றில் ஒன்றை மனத்தில் வைத்து மற்றொன்று நடக்கவில்லை. ஆனாலும் பரளச்சியில் பிறந்த ஒரு பிள்ளை கணினியில் முதுநிலைப் பட்டம் பெறுவது எப்படிச் சாத்தியமாயிற்று என்று தேடினால், இந்த மூன்றையும் கடந்துதான் போகவேண்டியிருக்கிறது.

பரளச்சி, விருதுநகர் மாவட்டத்தின் தென்கிழக்கில், ராமநாதபுரம் மாவட்ட எல்லைப் பக்கம் உள்ள ஊர். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகினால் வெள்ளாமை உண்டு. பொய்த்தால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்கிற பிழைப்பு. மிளகாய், மல்லி, பருத்தி, கம்பு விளையும் இந்தப் பூமியில் ஒரு பிள்ளையை இன்னும் இரண்டு வருடம் படிக்கவைப்பதா, மூன்று வருடம் படிக்கவைப்பதா என்பது வீட்டின் வரவு செலவையே புரட்டிப்போடும் கேள்வி. எம்.சி.ஏ.வின் வரலாற்றைப் பெரும்பாலோர் தொழில்நுட்ப வளர்ச்சியின் கதையாகவே எழுதுகிறார்கள். அதைவிட, யார் சேரலாம், எத்தனை ஆண்டு, எந்த ஊரில் என்ற விதிகளின் கதையாகப் படிப்பதே பொருந்தும். ஒவ்வொரு விதி மாறும்போதும் பரளச்சிக்கும் அந்தப் பட்டத்துக்கும் இடையிலான தூரம் கூடியது அல்லது குறைந்தது.

தொடக்கத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க வழியே கிடையாது. 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தது. சென்னை ஐ.ஐ.டி. 1970-களில் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினியைப் பெற்றது. இவற்றில் கற்றவர்கள் பெரும்பாலும் பொறியியல் மாணவர்கள்; அருப்புக்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவருக்கு அங்கே இடமில்லை. அந்த நிலையை மாற்றியதில் ஈரோட்டில் பிறந்த ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. பேராசிரியர் வி. ராஜாராமன், 1960-களிலேயே கான்பூரில் கணினி அறிவியலைப் பாடமாக நடத்தத் தொடங்கியவர். நிரலாக்கம் பற்றி அவர் எழுதிய புத்தகங்களை மாணவர்கள் வாங்கக்கூடிய விலையிலேயே பதிப்பிக்கச் செய்தார்.

1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. நாட்டுக்குள்ளேயே கணினி செய்யும் நிறுவனங்கள் எழுந்தன; வங்கி, ரயில்வே, அரசுத் துறை எங்கும் நிரல் எழுத ஆள் தேவைப்பட்டது. பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் அனுப்பிய சிலரை வைத்து அந்தத் தேவையை நிரப்ப முடியாது. இந்தப் பின்னணியில் மின்னணு ஆணையம் ராஜாராமன் தலைமையில் மனிதவளக் குழு ஒன்றை அமைத்தது. பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களுக்கு மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்பது அக்குழுவின் முக்கியமான யோசனை. அதுதான் எம்.சி.ஏ. ஆயிற்று. பல்கலைக்கழகங்கள் இதைத் தொடங்க மின்னணுத் துறை பண உதவியும் செய்தது. பொறியியலுக்குப் போக முடியாதவர்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்ட பட்டம் இது. இந்திய உயர்கல்வியில் எடுக்கப்பட்ட தாராளமான முடிவுகளில் ஒன்றாக இதைச் சொல்லத் தகும்.

ஆனால் வாசலில் ஒரு படி இருந்தது: கணிதம். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, வரலாறோ தமிழோ எடுத்தவர்களை வெளியே நிறுத்தியது. கணித ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கிராமத்துப் பள்ளியில் படித்தவருக்கு இது பெரிய தடை. எம்.சி.ஏ. சேர முடியுமா என்பது பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவில் உட்கார்ந்தோம் என்பதிலேயே முடிவாகிவிட்டது.

அந்தக் காலத்துக் கணினி ஆய்வகத்தில் படித்த எவரும் மறக்காத காட்சி, கதவுக்கு வெளியே வரிசையாகக் கிடக்கும் செருப்புகள். உள்ளே குளிரூட்டிய அறை, தூசி படக்கூடாது என்ற கண்டிப்பு, ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர். நிரலை முதலில் ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விசைப்பலகையைத் தொடலாம். புள்ளிப் பிரின்டரில் வந்த வெளியீட்டைக் கத்தரித்து அதே நோட்டில் ஒட்ட வேண்டும். கோபோல், பாஸ்கல், சி என்று பாடமொழிகள் மாறின. சி மொழிக்கு இ. பாலகுருசாமியின் புத்தகம் கிட்டத்தட்டப் பொதுநூலாகவே ஆனது. அவர் பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் அந்தப் புத்தகத்தின் எளிய ஆங்கிலத்தைப் பற்றிக்கொண்டே கரையேறினார்கள். கடைசி ஆறு மாதம் ஒரு நிறுவனத்தில் ப்ராஜெக்ட். சென்னையில் உறவினர் வீடோ மேன்ஷனில் பங்கு அறையோ கிடைக்காதவருக்குப் பாடத்தைவிட அதுதான் கடினமான பருவம்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் 1984-ல் சிவகாசியில் மெப்கோ பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. பொறியியல் கல்லூரிகளிலேயே எம்.சி.ஏ. துறைகளும் எழுந்தன. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு சத்திரிய கல்லூரியும் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தன. நெசவாளர், வணிகர் சமூகங்களின் கல்வி ஆர்வத்தில் எழுந்த இந்தக் கல்லூரிகளே சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் பட்டத்தைக் கொடுத்தன. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பும் படிப்பு அது. முதுநிலை என்றதும் மதுரையோ சிவகாசியோ விடுதியோ என்று செலவு ஏறியது.

கல்லூரிக்கு வெளியே வேறொரு பாதையும் இருந்தது. 1990-களில் மின்னணுத் துறையின் டோயெக் திட்டம் ஓ, ஏ, பி, சி என்று நான்கு படிகளை வகுத்தது. அதில் பி நிலை எம்.சி.ஏ.வுக்கு நிகர். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-லேயே தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியும் இந்த வட்டாரத்துக்குப் பழகிய வழிதான். ஏட்டுப் பாடத்தைத் தபாலில் அனுப்பலாம், கணினியை அனுப்ப முடியாது என்பதுதான் அதன் குறை.

2000 ஜூலையில் மென்பொருள் நிறுவனங்களுக்கான டைடல் பூங்கா சென்னையில் திறக்கப்பட்டது. 2002 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் நுழைவுத் தேர்வு எம்.சி.ஏ. சேர்க்கைக்கு அளவுகோலாயிற்று. கலந்தாய்வை நடத்தும் பொறுப்பு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தது. தனியார் நன்கொடைப் பேரத்தைத் தாண்டி மதிப்பெண்ணை முன்வைத்ததால் இது ஏழை மாணவருக்குச் சாதகமே. எனினும் ஆங்கில வினாத்தாளும், கலந்தாய்வு இணையவழிக்கு மாறும்வரை கோவைக்குச் செய்யவேண்டியிருந்த பயணமும் கிராமத்தவருக்குச் சுமையாக இருந்தன.

அடுத்து வந்த சரிவு பலரும் எதிர்பாராதது. பொறியியலுக்கான பொது நுழைவுத் தேர்வை 2007-ல் தமிழ்நாடு கைவிட்டது. மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் 500-ஐத் தாண்டின. நான்கு ஆண்டில் பி.இ. முடித்து வேலைக்குப் போகலாம் என்கையில், மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டு படித்து அதே வேலைக்கு நிற்க யார் வருவார்கள்? இன்னொரு பக்கம் விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை நேரடியாக எடுத்து, சம்பளத்தோடு பிட்ஸ் பிலானியின் முதுநிலைப் படிப்பையும் படிக்கவைத்தன. வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பவேண்டிய பிள்ளைக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. எம்.சி.ஏ. இடங்கள் காலியாயின, பல கல்லூரிகள் துறையையே மூடின.

சரிவுக் காலத்திலும் ஒரு தேவை நிலைத்தது. அதை மென்பொருள் துறையின் ஏற்ற இறக்கம் அசைக்கவில்லை. அரசுப் பள்ளிகளில் கணினி அறிவியல் பாடம் வேரூன்றியதால் அதைக் கற்பிக்க ஆள் வேண்டியிருந்தது. 2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கணினிப் பயிற்றுநர் பணியிடங்களுக்கு இணையவழித் தேர்வு நடத்தியது. கணினியில் முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் தகுதி. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் சொந்த மாவட்டத்திலேயே தங்க விரும்புகிறவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தப் பட்டம் தந்த பொருள் ஐ.டி. நிறுவனங்களின் வளாகத் தேர்வு தந்ததைவிடக் கனமானது. எம்.சி.ஏ.வைப் பற்றிய எழுத்துகளில் இது அதிகம் பேசப்படாதது வருத்தமே.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் அறையைத் தேவையற்றதாக்கியது. பிளஸ் டூ முடித்த பிள்ளையின் வீட்டுக்கே கணினி வந்தது. நிரல் பிழையை இரவிலும் திருத்திப் பார்க்க முடிந்தது. கிராமத்து முதுநிலை மாணவருக்கு அதுவரை கிடைக்காத ஒன்றை, தனியாக உட்கார்ந்து பழகும் நேரத்தை, அந்தத் திட்டம் கொடுத்தது.

2020-21 கல்வியாண்டில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) எம்.சி.ஏ.வை இரண்டு ஆண்டாகக் குறைத்தது. கணினி படிக்காமல் வருபவர்களுக்கு இணைப்புப் பாடங்கள் வந்தன. ராஜாராமன் குழுவின் மூன்றாண்டு அமைப்பு, பி.காம். முடித்தவரையும் அடிப்படையிலிருந்து நிதானமாக வளர்க்க இடம் கொடுத்தது. புதிய அமைப்பு பி.சி.ஏ. முடித்தவருக்கே அதிகம் வாய்ப்பாகிறது. ஓராண்டுச் செலவு மிச்சம் என்பது பரளச்சிக் குடும்பத்துக்குச் சிறிய லாபமில்லை. ஆனால் அந்த ஓராண்டில் கற்பிக்கப்பட்டதை இனி இளநிலைக் கல்லூரிதான் கொடுத்தாக வேண்டும்.

அதனால்தான் தமிழ்நாடு அரசு 2021-ல் அறிவித்த பத்துப் புதிய கலை அறிவியல் கல்லூரிகளின் பட்டியலில் திருச்சுழி இருப்பது முக்கியம். பரளச்சிக்காரருக்கு அரசுக் கல்லூரி இப்போது சொந்த வட்டத்திலேயே இருக்கிறது. மதுரை இலந்தைக்குளத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் ஐ.டி. வளாகமும் அதில் ஹெச்.சி.எல். நிறுவனமும் உள்ளன. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். திருச்சுழியில் கணினி ஆசிரியர்களும் ஆய்வகமும் முழுமையாக அமைந்து, கணிதம் எடுக்காதவர்களுக்கான இணைப்புப் பாடமும் அங்கேயே நடந்தால், முதுநிலைக்காக ஊரைவிட்டுப் போகவேண்டிய காலம் இரண்டு ஆண்டோடு முடிந்துவிடும்.