ஆளுமைச் சோதனையும் பொய்விடையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆளுமைச் சோதனைகளின் வரலாறு, மனிதனை அளக்க முயன்றோரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. அளக்கப்பட்டோர் அச்சோதனைகளுக்கு எவ்வாறு முகங்கொடுத்தனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். வினாக்கொத்துகளின் வடிவ மாற்றங்களுக்குப் பொய்விடை பற்றிய அச்சம் முக்கிய காரணமாயிருந்தமையை ஈண்டு நோக்குவோம்.

இத்துறையின் தோற்றம் முதலாம் உலகப் போருடன் தொடர்புடையது. போர்முனை அதிர்ச்சிக்கு ஆளாகக்கூடியோரை முன்கூட்டியே இனங்காண்பதற்கென அமெரிக்க உளவியலாளர் றொபேட் வூட்வேர்த், ‘ஆம்’, ‘இல்லை’ என விடையளிக்கத்தக்க 116 வினாக்களைத் தொகுத்தார். அது படையிற் பயன்பாட்டுக்கு வருமுன்னரே, 1918இல், போர் முடிவுற்றது. எனினும் பின்வந்த வினாக்கொத்துகளுக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. எவ்விடை தமக்குச் சாதகமானது என்பதைப் படிப்போர் எளிதில் ஊகிக்க முடிந்தமையே அதன் குறைபாடாகும்.

மினசோற்றாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹதவே, மக்கின்லி ஆகியோர் 1943இல் வெளியிட்ட பன்முக ஆளுமை வினாக்கொத்து இதற்கு இரு வழிகளிற் பரிகாரம் தேடியது. உளநோயாளரும் ஏனையோரும் உண்மையில் வேறுபட விடையளித்த வினாக்களே அதன் நோய் அளவுத்திட்டங்களிற் சேர்க்கப்பட்டன. அத்துடன், ‘பொய் அளவுத்திட்டம்’ ஒன்றும் அமைக்கப்பட்டது. அவ்வப்போது சினங்கொள்ளல் போன்ற, யாவர்க்கும் பொதுவான சிறு குறைகளை ஒருவர் தொடர்ந்து மறுப்பாராயின் அவரது விடைகள் ஐயத்துக்குரியனவாயின. 1946இல் மீலும் ஹதவேயும் வெளியிட்ட ‘கே’ அளவுத்திட்டம், தற்காப்புணர்வுடன் விடையளிப்போரின் புள்ளிகளைத் திருத்த முற்பட்டது.

அலன் எட்வேர்ட்ஸ் சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகினார். ஒரு கூற்று சமூகத்தால் எவ்வளவுக்கு விரும்பப்படுகின்றதோ அவ்வளவுக்கு அதனைத் தமக்குரியதென ஏற்போரும் மிகுவர் என அவர் 1953இற் காட்டினார். அவரது வினாக்கொத்தில் 225 இணைகள் உள்ளன; சமூக விருப்பில் ஏறத்தாழச் சமமான இரு கூற்றுகளுள் ஒன்றைத் தெரிந்தேயாகவேண்டும். இதுவே ‘கட்டாயத் தெரிவு’ முறையாகும். ஆனால், பொதுவிற் சமமானவை குறித்த தொழிலொன்றுக்குச் சமமானவையல்ல. விற்பனையாளர் பதவியை நாடுபவர், தனிமை விருப்பிலும் பழகும் விருப்பே தமக்கு நன்மை தரும் என்பதை அறிவார். மேலும், இம்முறையில் ஒரு பண்பின் புள்ளி உயர்ந்தால் மற்றொன்று தாழவேண்டும். எனவே ஒருவரை மற்றொருவருடன் ஒப்பிடுதல் கடினமாகின்றது. தொழில்கொள்வோர் வேண்டுவதோ அவ்வொப்பீட்டையே. தேர்ஸ்ரன் 1927இல் வகுத்த ஒப்பீட்டுத் தீர்ப்பு விதியை அடிப்படையாகக் கொண்டு அன்னா பிறவுண், மைடேயூ-ஒலிவாறெஸ் ஆகியோர் 2011இல் வெளியிட்ட கணித மாதிரி, இவ்விரண்டாவது குறையையே பெரிதும் நிவர்த்திக்க முனைந்தது.

இதற்கிடையில், 1956இல் வில்லியம் வைற் நிறுவன மனிதனைப் பற்றிய தமது நூலின் பின்னிணைப்பில், சோதனையில் ஏமாற்றும் வழிகளை வெளிப்படையாகவே கற்பித்தார். சராசரி மனிதனாகத் தோன்றுமாறு அவர் கூறியது வெறும் குறும்பன்று. நிறுவனம் வேண்டும் இணக்கத்தின் மீதான கண்டனமுமாகும். 1988இல் அமெரிக்கச் சட்டம் பெரும்பாலான தனியார்துறைத் தொழில்கொள்வோர் பொய்யறி கருவியைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. எழுத்துச் சோதனைகள் அத்தடைக்குள் அடங்கவில்லை.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சிகிச்சை நாடுவோனுக்கு உண்மை உதவுகின்றது. வேலை நாடுவோனுக்கோ அதுவே தீங்காகலாம். வினா ஒன்றே, வினவுவோனுக்கும் விடையளிப்போனுக்கும் இடையிலான அதிகார உறவே வேறு. ஆகவே பொய்விடையைத் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டுங் கொள்ளுதல் பொருந்தாது. வடிவத்தைத் திருத்துவோர் இவ்வுறவையும் ஆராய்தல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.